மூன்று குரலில் ஒரு 'நான்'

முதலில் கேட்ட இடத்தில் வேண்டாம் என்றார்கள். அடுத்துக் கேட்ட இடத்திலும் அதையேதான் சொன்னார்கள்.

1980களின் நடுப்பகுதி, லண்டன். பனானராமா என்ற பாப் குழுவில் மூன்று இளம்பெண்கள்: சாரா டாலின், கேரன் உட்வர்ட், ஷிவோன் ஃபாஹி. அவர்களுடைய மூன்றாவது ஆல்பம் அநேகமாக முடிந்திருந்தது. அதில் ஒரு பழைய பாட்டையும் சேர்க்க வேண்டும் என்பது மூவரின் ஆசை. 1969இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஷாக்கிங் புளூ என்ற குழு பாடி, உலகத்தையே சுற்றிவந்த 'வீனஸ்'. சில ஆண்டுகளாகவே அவர்கள் பாடிப் பழகியிருந்த பாட்டு அது. இதை டான்ஸ் பாட்டாக மாற்றலாம் என்று தங்கள் தயாரிப்பாளர்களான ஸ்டீவ் ஜாலி, டோனி ஸ்வெய்ன் இருவரிடமும் சொன்னார்கள். நம் சினிமாவில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். மேற்கத்திய இசைத்தட்டு உலகில் அந்தச் சொல் ஒலியை வார்ப்பவரைக் குறிக்கும். எந்தக் கருவி, எந்தத் தாளம், யார் குரல் முன்னே வரவேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். அந்த இருவரும் இதற்குப் பிடிகொடுக்கவில்லை.

அப்போது ஷிவோன் காதில் வேறொரு பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. டெட் ஆர் அலைவ் குழுவின் 'யூ ஸ்பின் மீ ரவுண்ட்'. 1985 மார்ச்சில் பிரிட்டனில் முதலிடம் பிடித்த பாட்டு. இயந்திரம்போல இடைவிடாமல் ஓடுகிற தாளம், அதன் மேல் ஒரு பெரிய குரல். இதைச் செய்தவர்கள்தான் நம் 'வீனஸை'யும் செய்ய வேண்டும் என்று அவர் முடிவுகட்டினார். செய்தவர்கள் மைக் ஸ்டாக், மாட் எய்ட்கன், பீட் வாட்டர்மன் என்ற மூவர். போய்க் கேட்டார்கள். 'வீனஸ்' நல்ல டான்ஸ் பாட்டாக வராது என்பதுதான் அந்த மூவரின் கருத்து.

பெண்கள் விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கடைசியில் ஆண்கள் இறங்கிவந்தார்கள்.

1986இன் 'வீனஸ்' பிறந்தது இப்படித்தான். பிறகு வந்த ஆண்டுகளில் அந்த மூன்று ஆண்களின் பெயர் பிரிட்டிஷ் பாப் உலகில் பெரும் முத்திரையாகிவிட்டதால், இந்தப் பாட்டையும் அவர்கள் கணக்கிலேயே எழுதிவிடுவது பலருக்கு வழக்கம். எனக்கு அது ஒப்பவில்லை. ஒலி அவர்களுடையது, மறுக்கவில்லை. ஆனால் பழைய பாட்டுக்குள் ஒளிந்திருந்த புதுப் பாட்டை முதலில் கேட்ட காது அந்தப் பெண்களுடையது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வதில் நியாயமில்லை.

ஆனால் அவர்கள் கேட்டது என்ன என்று புரிய வேண்டுமானால் பாட்டின் வம்சாவளியைப் பார்க்க வேண்டும். அது நெதர்லாந்தோடு நிற்பதில்லை.

1848இல் அமெரிக்காவில் ஸ்டீஃபன் ஃபாஸ்டர் என்ற இளைஞரின் 'ஓ! சுசானா' அச்சில் வந்தது. வெள்ளையர்கள் முகத்தில் கரிபூசிக்கொண்டு கறுப்பின மக்களைப் பரிகசித்த 'மின்ஸ்ட்ரல்' மேடைகளுக்கான பாட்டு. அந்தக் கறை அதன் பிறப்பிலேயே இருக்கிறது. முழங்கால் மேல் பாஞ்சோவோடு காதலியைத் தேடிப் போகிறவனின் பாட்டு. நாடே பாடியது. ஃபாஸ்டருக்குக் கிடைத்ததோ சொற்பம். ஆளாளுக்கு அச்சடித்து விற்றுக்கொண்டார்கள். 1864இல் நியூயார்க் மருத்துவமனையில் அவர் இறந்தபோது பணப்பையில் இருந்தது 38 சென்ட்.

நூறாண்டுக்கு மேல் கழிந்து, 1963இல், தி பிக் த்ரீ என்ற நாட்டுப்புற இசைக்குழு இதை எடுத்துப் பாடியது. அதில் இருந்த கேஸ் எலியட் பின்னாளில் மாமாஸ் அண்ட் பாப்பாஸ் குழுவில் புகழ்பெற்ற பாடகி. இன்னொருவர் டிம் ரோஸ். அவர் செய்தது துணிச்சலான காரியம். ஃபாஸ்டரின் சொற்களை வைத்துக்கொண்டு, எல்லோரும் அறிந்த அந்தக் குதூகல மெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டார். அதன் இடத்தில் இருள் கவிந்த, முரட்டுத்தனமான புதிய மெட்டு ஒன்றை வைத்தார். 'தி பாஞ்சோ சாங்' என்று அதற்குப் பெயர். இதைக் கேட்காதவர்கள் ஒருமுறை தேடிக் கேட்க வேண்டும். முதல் சில நொடிகளிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள். அது 'வீனஸ்'. கிடார் இருக்க வேண்டிய இடத்தில் பாஞ்சோ, தேவதை இருக்க வேண்டிய இடத்தில் சுசானா, மெட்டு அதேதான்.

தி ஹேக் நகரத்துக் கிடார் கலைஞர் ராபி ஃபான் லேவன் 1967இல் ஷாக்கிங் புளூவைத் தொடங்கினார். இரண்டாண்டு கழித்து அவர் எழுதிய பாட்டில் டிம் ரோஸின் மெட்டு இருந்தது, சொற்கள் வேறு. முன்னவர் சொல்லை வைத்துக்கொண்டு மெட்டை மாற்றினார். பின்னவர் மெட்டை வைத்துக்கொண்டு சொல்லை மாற்றினார். இரண்டு கை மாறியதில் ஃபாஸ்டர் எழுதியது ஒரு துளிகூட மிஞ்சவில்லை. ஆனால் சங்கிலி அறுபடவும் இல்லை. இசைத்தட்டில் ஆசிரியர் என்று அச்சானது ஃபான் லேவனின் பெயர் மட்டும். டிம் ரோஸின் பெயர் இல்லை. நான் மிகவும் நேசிக்கிற பாட்டு இது. இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு பெயர் குறைகிறது என்பதைச் சொல்லாமல் போக முடியவில்லை.

ஃபான் லேவன் தன் பங்காகக் கொண்டுவந்தது சிறிதல்ல. பாட்டின் வாசலில் அவர் நிறுத்திய அந்தக் கிடார் அடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கார்டு, சரசரவென்று தேய்த்து வாசித்து, தீர்வுக்கு வராமல் தொங்கவிடுவது. அதே ஆண்டில் முன்னதாக வந்த தி ஹூ குழுவின் 'பின்பால் விசர்ட்' பாட்டிலும் இந்த வகை அடி உண்டு. கதவைத் தட்டிவிட்டுத் திறக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். பிறகு மேளம் உள்ளே வருகிறது. பாட்டு ஓடத் தொடங்குகிறது.

அவர் செய்த இன்னொரு காரியம் மாரிஸ்கா வெரெஷைப் பாடவைத்தது. ஷாக்கிங் புளூவின் முதல் பாடகர் ஓர் ஆண். அவர் ராணுவப் பணிக்குப் போய்விட, 1968இல் அந்த இடத்துக்கு மாரிஸ்கா வந்தார். தி ஹேக்கில் பிறந்தவர். அப்பா லாயோஷ் வெரெஷ் ஹங்கேரியிலிருந்து வந்த ரோமானி இனத்து வயலின் கலைஞர். மை தீட்டிய அகன்ற கண்கள், இடுப்பளவு கருங்கூந்தல், அடிவயிற்றிலிருந்து எழும்பிவரும் கனத்த குரல். அதில் குழைவோ கொஞ்சலோ இருக்காது. ஆணை பிறப்பிக்கிற குரல்.

பாட்டின் ஆங்கிலம் ஃபான் லேவனுக்கு அந்நிய மொழி. தேவதையைக் குறிக்கும் 'காடஸ்' என்ற சொல்லை எழுதும்போது நடுவே எழுத்து பிசகி 'காட்னஸ்' என்று ஆகிவிட்டது. தாளில் என்ன இருந்ததோ அதையே மாரிஸ்கா பாடினார். இல்லாத அந்தச் சொல்தான் பதிவாகி, உலகமெங்கும் விற்று, 1970 பிப்ரவரி 7 தேதியிட்ட அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு டச்சுக் குழு அந்த இடத்தை எட்டியது அதுவே முதல் முறை. சொந்த நாட்டில் அந்தப் பாட்டு மூன்றாம் இடத்தோடு நின்றுவிட்டது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த திருப்பம். 1979இல் நெதர்லாந்தின் இசைப் பதிப்பாளர் வில்லெம் ஃபான் கோட்டன் ஓர் இசைத்தட்டுக் கடைக்குள் நுழைகிறார். 'வீனஸ்' பாட்டின் உரிமை அவரிடம் இருந்தது. கடையில் பல பாட்டுகளை வெட்டி ஒட்டிய ஒரு டிஸ்கோ தட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் 'வீனஸு'ம் வருகிறது. யாரும் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. திருட்டுத் தட்டு. இதையே முறைப்படி நாமே செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. யாப் எக்கர்மோண்ட் என்ற தயாரிப்பாளரை அழைத்தார். பழைய பாட்டுகளை அசலைப் போலவே புதிதாகப் பாடிப் பதிந்து, எல்லாவற்றுக்கும் அடியில் கைத்தட்டலோடு ஒரே சீரான டிஸ்கோ தாளத்தை ஓடவிட்டு ஒரு கதம்பப் பாட்டைக் கட்டினார் எக்கர்மோண்ட். 'ஸ்டார்ஸ் ஆன் 45' என்ற பெயரில் வந்த அந்தக் கதம்பம் 1981 ஜூனில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. உரிமைச் சிக்கல் வராமலிருக்க, சேர்த்த பாட்டுகளின் பெயரையெல்லாம் தலைப்பிலேயே அடுக்க வேண்டியிருந்ததால், தலைப்பு மட்டும் 41 சொல் நீண்டது. அந்தக் கதம்பம் திறப்பது எதில் தெரியுமா? 'வீனஸ்' பாட்டின் அந்தக் கிடார் அடியில்.

பனானராமாவின் வேண்டுகோள் மறுக்கப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 'வீனஸ்' டிஸ்கோ தாளத்தின் மேல் ஏறினால் என்ன ஆகும் என்பதை உலகம் கேட்டுவிட்டிருந்தது. கேட்டும் தேர்ந்த காதுகளுக்கு அது எட்டவில்லை.

இனி அந்த மூன்று பெண்கள். சாராவும் கேரனும் பிரிஸ்டல் நகரத்துச் சிறுவயதுத் தோழிகள். லண்டன் காலேஜ் ஆஃப் ஃபேஷனில் இதழியல் படிக்கும்போது சாராவுக்கு ஷிவோன் தோழியானார். தங்க இடமில்லாத ஒரு கட்டத்தில் சாராவும் கேரனும் குடியிருந்தது, செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு பயிற்சி செய்த அறைக்கு மேலே. அந்தக் குழுவின் டிரம்மர் பால் குக் முதல் பதிவுக்கு உதவினார். 1981இல் வந்த அந்த முதல் பாட்டு ஸ்வாஹிலி மொழியில். மூவரும் கருவி எதையும் கையில் ஏந்தி மேடையேறியவர்கள் அல்லர். சங்கீதப் பள்ளிப் பயிற்சியும் இல்லை. அன்றைய விமர்சகர்கள் இதைத்தான் குத்திக்காட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அந்தக் கேலி ஒரு விஷயத்தைக் கவனிக்கவே இல்லை. பழைய பாட்டைத் தேர்ந்தெடுப்பதில் இவர்களுடைய ஆரம்பகால வரலாற்றைப் பாருங்கள். 1982இல் ஃபன் பாய் த்ரீ என்ற குழுவோடு சேர்ந்து, 1939ஆம் ஆண்டு ஜாஸ் பாட்டு ஒன்றைப் பாடினார்கள். பிரிட்டனில் நான்காம் இடம். அதே ஆண்டு, வெல்வெலெட்ஸ் என்ற பெண்கள் குழு அறுபதுகளில் பாடிய மோட்டவுன் பாட்டு, ஐந்தாம் இடம். 1983இல், ஸ்டீம் குழு 1969இல் பாடிப் புகழ்பெற்ற பாட்டு. மறுபடி ஐந்தாம் இடம். மூன்று தடவை பழைய பெட்டியைத் திறந்து மூன்று தடவையும் சரியான பாட்டை எடுத்தவர்கள். நாலாவதாக ஒன்றை எடுத்து நீட்டும்போது அவர்கள் பேச்சுக்குக் கொஞ்சம் மதிப்புக் கொடுத்திருக்கலாம்.

கேட்ட பெண்களுக்கு நெருக்கடியும் இருந்தது. அவர்களுடைய 'குரூயல் சம்மர்' பாட்டு 'தி கராத்தே கிட்' படத்தில் இடம்பெற்று 1984இல் அமெரிக்காவில் ஒன்பதாம் இடம்வரை போனது. அதே ஆண்டு பிரிட்டனில் 'ராபர்ட் டி நீரோஸ் வெய்ட்டிங்' மூன்றாம் இடம். அதற்கப்புறம் சரிவு. 1985இல் வந்த பாட்டு 31ஆம் இடத்தைத் தாண்டவில்லை. பாப் உலகில் இரண்டு பாட்டு சறுக்கினால் மூன்றாவதற்குக் கதவு திறப்பது கடினம்.

ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மன் மூவரின் பட்டறை தென் லண்டனின் பரோ பகுதியில் இருந்தது. பட்டறை என்று தெரிந்தேதான் சொல்கிறேன். ஒரு பக்கம் பாட்டு நுழைந்து மறுபக்கம் தட்டாக வெளிவரும் வேகம் அங்கே. அவர்கள் அப்போது கையாண்ட பாணிக்கு ஹை-எனர்ஜி என்று பெயர். எழுபதுகளின் கடைசியில் அமெரிக்க வானொலிகளில் டிஸ்கோ ஒதுக்கப்பட்ட பிறகு, சான் ஃபிரான்சிஸ்கோவிலும் லண்டனிலும் தன்பாலீர்ப்பு ஆண்களின் நடனக் கூடங்கள் அதைக் கைவிடாமல் வளர்த்தன. அங்கே வளர்ந்து வேகம் கூடி உருமாறியதுதான் இது. ஒவ்வொரு அடியிலும் பெரிய டிரம்மின் குத்து. அந்தக் குத்துகளுக்கு இடையே கீழ் ஸ்வரத்துக்கும் மேல் ஸ்வரத்துக்கும் தாவித் தாவி ஓடும் சிந்தசைசர் பேஸ். மனிதக் கை தளரும். இந்த பேஸ் தளராது, ஏனென்றால் அதை வாசிப்பது இயந்திரம். விடிய விடிய ஆடுகிறவர்களுக்கு வேண்டியதும் அந்தத் தளராமைதான்.

'வீனஸ்' அந்த அச்சில் அப்படியே பொருந்தியது. மூலத்தையும் மறுபதிப்பையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்று தெரியும்: வேகத்தைப் பெரிதாகக் கூட்டவே இல்லை. 1969இன் பாட்டே ஓட்டமாகத்தான் ஓடுகிறது. அது நெகிழ்ந்து ஓடியது, இது நிமிர்ந்து ஓடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மூல மேளத்தில் கலைஞனின் கை தெரிகிறது. அடிக்கு அடி நூலளவு முன்பின் இருக்கும். 1986இல் டிரம் மெஷின் கோடு கிழித்த மாதிரி நிற்கிறது. டிம் ரோஸின் அந்த முரட்டு மெட்டுக்குள் ஆரம்பத்திலிருந்தே இந்த இயந்திர ஓட்டம் உறங்கிக்கொண்டிருந்தது என்றே எனக்குப் படுகிறது. பாஞ்சோவில் விரல்கள் ஓயாமல் தெறித்ததும் அதைத்தான்.

மெட்டைவிடப் பெரிய மாற்றம் குரலில் நடந்தது. பனானராமா மூவரும் சுருதி பிரித்துப் பாடுகிறவர்கள் அல்லர். மேல் குரல், இடைக் குரல், கீழ்க் குரல் என்ற அடுக்கு கிடையாது. மூவரும் ஒரே மெட்டை ஒரே நேரத்தில் ஒன்றாகப் பாடுவார்கள், நம் ஊர்க் கும்மியில் பெண்கள் பாடுவதுபோல. இதையும் குறை என்றார்கள். 'வீனஸை'ப் பொறுத்தவரை இதுவே அதன் உயிர்நாடி.

பாட்டின் அமைப்பைப் பாருங்கள். சரணத்தில் ஒரு தேவதையை யாரோ எட்ட நின்று வர்ணிக்கிறார்கள். அவள், அவளுடைய என்றே பேச்சு போகிறது. பல்லவி வந்ததும் திடீரென்று 'நான்தான் உன் வீனஸ்' என்ற தன்மைப் பேச்சாக மாறிவிடுகிறது. இலக்கணம் பார்க்கிறவர்களுக்கு இடறும் இடம் அது. மாரிஸ்கா பாடும்போது அந்த 'நான்' அவர் ஒருவர்தான். கரிய கண்களோடு உயரத்தில் தனியாக நிற்கும் ஒருத்தி. கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறோம். மூன்று தோழிகள் ஒரே குரலாகப் பாடும்போது அந்த 'நான்' யார்? மூவருமா, மூவரில் எவருமா, கேட்டுக்கொண்டே கூடச்சேர்ந்து கத்துகிற பெண்ணுமா? மலையுச்சியில் இருந்தவளை நடனக் கூடத்தின் தரைக்கு அழைத்துவந்துவிட்டார்கள். கண்ணாடி முன் நின்று தயாராகும் எந்தப் பெண்ணும் அந்த வாக்கியத்தைத் தனதாக்கிக்கொள்ளலாம். எந்த ஸ்டுடியோக் கருவியும் இதைச் செய்திருக்க முடியாது. எழுத்துப் பிழையையும் அவர்கள் திருத்திவிட்டார்கள். 'காடஸ்' என்று சுத்தமாகவே ஒலிக்கிறது. அதில் எனக்குச் சின்ன வருத்தம் உண்டு.

வீடியோவை பீட்டர் கேர் இயக்கினார். தேவதையாக மட்டும் வரவில்லை மூவரும். கொம்பு வைத்த செஞ்சாத்தான், ரத்தக்காட்டேரி என்று வேஷத்துக்கு மேல் வேஷம். போத்திசெல்லி வரைந்த 'வீனஸின் பிறப்பு' ஓவியத்துக்கும் ஓர் இடம் உண்டு. எம்டிவி அதை ஓட்டித் தள்ளியது.

1986 மே மாதம் பாட்டு வெளிவந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து என்று முதலிடங்கள் விழுந்தன. செப்டம்பர் 6 தேதியிட்ட பில்போர்டு பட்டியலில் அமெரிக்காவிலும் முதலிடம். வேண்டாம் என்று தலையசைத்த அந்த மூன்று தயாரிப்பாளர்களுக்கும் அமெரிக்காவில் கிடைத்த முதல் முதலிடம் இதுதான். வெவ்வேறு கலைஞர்கள் பாடி இரண்டு முறை அமெரிக்க உச்சத்தைத் தொட்ட பாட்டுகள் அதற்குமுன் மூன்றே இருந்தன. சொந்த நாடான பிரிட்டனில் மட்டும் எட்டாம் இடம். ஷாக்கிங் புளூவின் 'வீனஸு'ம் பிரிட்டனில் எட்டாம் இடம்வரைதான் போயிருந்தது. இன்னொரு பொருத்தமும் உண்டு. 1970இல் மூலம், 1981இல் கதம்பம், 1986இல் மறுபதிப்பு: மூன்று முறையும் அமெரிக்க முதலிடத்தில் அது இருந்தது சரியாக ஒரே ஒரு வாரம்.

அதற்கடுத்த 'வாவ்!' ஆல்பத்தில் பெண்கள் மூவரும் ஆண்கள் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பாட்டு எழுதினார்கள். ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மன் மூவரிடம் பாட வந்தவர்களில் பலர், எழுதிக் கொடுத்ததைப் பாடிவிட்டுப் போனவர்கள். பனானராமா அப்படி இருக்கவில்லை. 'ஐ ஹர்ட் எ ரூமர்' பாட்டில் ஆசிரியர்களாக ஆறு பெயர்கள் இருக்கின்றன. 1987இல் அது அமெரிக்காவில் நான்காம் இடம். ஆனால் அந்த மினுமினுப்பான பாப் ஷிவோனுக்கு ஒட்டவில்லை. 1988இல் விலகிப் போய் ஷேக்ஸ்பியர்ஸ் சிஸ்டர் என்ற வேறு குழு தொடங்கினார். பட்டறைக்கு வழிகாட்டியவரே அதிலிருந்து முதலில் வெளியேறியவர்.

ஷாக்கிங் புளூ 1974இலேயே கலைந்துவிட்டிருந்தது. 1988இல் அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்தில் பெயர் தெரியாத ஒரு ராக் குழு, அவர்களுடைய 'லவ் பஸ்' பாட்டை எடுத்துத் தன் முதல் தட்டாகப் போட்டது. ஆயிரம் பிரதிதான் அச்சிட்டார்கள். அந்தக் குழு நிர்வாணா. ஃபான் லேவனின் ஒரு பாட்டு லண்டனில் நடனத்துக்கும் இன்னொன்று சியாட்டிலில் கூச்சலுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. மாரிஸ்கா 2006 டிசம்பரில் புற்றுநோயால் இறந்தார், 59 வயதில்.

2017இல் ஷிவோன் திரும்பி வந்தார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு பழைய மூவரும் ஒன்றாகச் சுற்றுப்பயணம் போனார்கள். லண்டன் ஹாமர்ஸ்மித் அரங்கில் அவர்கள் பாடியதன் பதிவு இருக்கிறது. மூவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். 'வீனஸ்' பல்லவி வருகிறது. இப்போதும் சுருதி பிரிக்கவில்லை. மூவரும் ஒரே மெட்டில், ஒரே நேரத்தில் அந்த 'நான்' என்ற சொல்லைச் சொல்கிறார்கள். அடுத்த நொடி அரங்கம் முழுவதும் அதையே திருப்பிச் சொல்கிறது.